பழைய செவி சி10 ட்ரக்குக்கு எந்த என்ஜின் போடலாம்? 350, ஜங்க்யார்டு 5.3, க்ரேட் எல்எஸ்3, பிக் பிளாக்: ஒரு ஒப்பீடு

அமெரிக்காவுல பழைய பிக்கப் வாங்கி கஸ்டம் பண்ணணும்னு ஆசைப்படறவங்க கடைசியில பெரும்பாலும் வந்து நிக்கிறது ஒரே வண்டியில தான், 1967ல இருந்து 1972 வரைக்கும் வந்த செவ்ரோலே (சுருக்கமா செவி) சி10. பாடி லைன் அவ்ளோ சுத்தமா இருக்கும், பார்ட்ஸ் கதவு ரப்பர்ல இருந்து முழு கேபின் வரைக்கும் புதுசா கிடைக்குது, பின்னாடி லீஃப் ஸ்பிரிங் இல்லாம காயில் ஸ்பிரிங்கும் நீளமான ட்ரெய்லிங் ஆர்மும் இருக்கிறதால ரைடும் ட்ரக் மாதிரி குதிக்காது. அந்த பின்பக்க டிசைனைத்தான் நாஸ்கார் கப் ரேஸ் காருங்கள்ல 2021 வரைக்கும் வச்சு ஓட்டினாங்க, அப்படின்னா அடிப்படை எவ்ளோ நல்லதுன்னு பாத்துக்கோங்க.

வண்டி வாங்குற வரைக்கும் எல்லாருக்கும் தெளிவா இருக்கு. வாங்கின அப்புறம் தான் குழப்பம். உள்ள இருக்கிறது களைச்சுப்போன 307ஓ, புகை விடுற 350ஓ (இந்த நம்பர் எல்லாம் கியூபிக் இன்ச்சுல என்ஜின் கொள்ளளவு), இல்லைன்னா ஆறு சிலிண்டர் இன்லைன் சிக்ஸ். இதை என்ன பண்றது? பழைய 350ஐயே பிரிச்சு கட்டலாமா, ஜங்க்யார்டுல, அதாவது பழைய வண்டி பிரிக்கிற யார்டுல இருந்து 5.3 லிட்டர் எல்எஸ் (செவியோட புது தலைமுறை வி8, எட்டு சிலிண்டர்) எடுத்து போடலாமா, ஒரேடியா கம்பெனியில இருந்து பெட்டியில வர்ற புது க்ரேட் எல்எஸ்3 வாங்கிடலாமா, இல்ல ஆசைக்கு ஒரு பிக் பிளாக் (செவியோட பெரிய சைஸ் வி8) இறக்கலாமான்னு நிறைய பேர் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. சிலர் இந்த முடிவு வராமலே வண்டியை ஷெட்டுல வருஷக்கணக்குல போட்டு வச்சிருக்காங்க, அதைப் பார்க்கத்தான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு தான். என்ஜின் விலையை மட்டும் பாத்து முடிவு எடுக்காதீங்க, அந்த என்ஜினைச் சுத்தி என்னென்ன மாத்த வேண்டி வருதுங்கிறதைப் பாத்து முடிவு எடுங்க.

முதல்ல எதை எதை வச்சு பார்க்கணும்

ஒண்ணு, வண்டியை எப்படி ஓட்டப் போறீங்க. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு ரவுண்டு, மாசம் ஒரு கார் ஷோ, இதுக்கு ஒரு என்ஜின். வாரத்துல நாலு நாள் ஹைவேல எழுபது மைல் வேகத்துல ஆபீஸ் போகணும்னா வேற என்ஜின். இந்த ஒரு கேள்விக்கு உண்மையா பதில் சொன்னாலே பாதி வேலை முடிஞ்சது.

ரெண்டு, முதல் தடவை சாவி போட்டு ரோட்டுக்கு வர்ற வரைக்கும் ஆகிற மொத்த செலவு. என்ஜின் பில் வேற, இது வேற.

மூணு, ரிப்பேர் யார் பாப்பாங்க. நீங்களே ஸ்பேனர் பிடிப்பீங்களா, லேப்டாப் வச்சு ட்யூன் பண்ற ஆள் பக்கத்துல இருக்காரா, இல்ல எல்லாத்துக்கும் ஷாப்புக்குத் தான் போகணுமா.

நாலு, வண்டியோட குணம். சத்தம், ஐடில்ல வர்ற அந்த நடுக்கம், பானெட்டைத் தூக்கினா கண்ணுக்கு என்ன தெரியுது. இதெல்லாம் சில்லறை விஷயம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, இந்த வண்டியை வாங்கினதே இதுக்காகத் தானே.

அஞ்சு, சட்டமும் மறுவிற்பனையும். கலிஃபோர்னியாவுல 1975 மாடல் வரைக்கும் பெட்ரோல் வண்டிகளுக்கு ஸ்மாக் செக் (புகை பரிசோதனை) கிடையாது, அதனால 67-72 சி10ல என்ன என்ஜின் போட்டாலும் அந்தத் தலைவலி இல்ல. அதே ஆசையில 1973ல இருந்து வந்த ஸ்கொயர்பாடி (கட்டம் கட்டமா இருக்கிற அடுத்த மாடல்) ட்ரக் வாங்கி அது 76ஓ அதுக்கு மேலயோன்னா கதை மாறிடும், போடுற என்ஜின் வண்டியோட வருஷமாவோ அதைவிட புதுசாவோ இருக்கணும், அந்த என்ஜினோட வந்த எமிஷன் சாமான் எல்லாம் கூடவே வரணும், ரெஃபரின்னு அரசாங்கத்துக்காக சோதிக்கிற ஒருத்தர்கிட்ட காட்டி ஸ்டிக்கர் வாங்கணும். இது தெரியாம வாங்கிட்டு முழிக்கிறவங்க இருக்காங்க.

எந்த என்ஜின் போட்டாலும் வரப்போற செலவு

இதை நடுவுலயே சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் மறக்கிறது இதைத்தான்.

பிரேக். 1970 வரைக்கும் வந்த சி10ல முன்னாடியும் ட்ரம் பிரேக் தான். 1971ல தான் முன்பக்க டிஸ்க் ஸ்டாண்டர்டா வந்துச்சு, கூடவே ஆறு போல்ட் வீல் போய் அஞ்சு போல்ட் ஆச்சு. நீங்க வாங்குறது 67ஓ 69ஓ ஆச்சுன்னா டிஸ்க் கன்வர்ஷன், புது மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், முன்பக்கம் அஞ்சு போல்ட் ஆனதும் பின்பக்கத்தையும் அதுக்கு ஒத்து வர்ற மாதிரி மாத்துறது, அப்புறம் புது வீல், புது டயர்னு செலவு சங்கிலியா வரும். நானூறு ஹார்ஸ்பவரை ட்ரம் பிரேக் மேல போட்டுட்டு ஓட்டுறது மாப்பிள்ளைக்கு பட்டு வேட்டி எடுத்துட்டு செருப்பு வாங்காம மண்டபத்துக்கு கூட்டிட்டு போற மாதிரி. என்ஜின் வேலைக்கு முன்னாடி பிரேக் வேலை, இதுல நான் யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

டேங்க். இந்த மாடல்ல பெட்ரோல் டேங்க் எங்க இருக்கு தெரியுமா, கேபினுக்குள்ள சீட்டுக்குப் பின்னாடி. முதுகுக்குப் பின்னாடி பெட்ரோலோட உக்காந்து போறோம். பாதுகாப்புக்கு, வாடைக்கு, சீட்டுக்குப் பின்னாடி இடத்துக்குன்னு எந்த வகையில பாத்தாலும் டேங்கைக் கீழ கொண்டு போறது நல்லது, பெட்டுக்கு அடியில சேசிஸ் ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல பிளேசர் (செவியோட எஸ்யூவி) டைப் டேங்க் வைக்கிறது தான் ரொம்ப பேர் பண்றது. ஃபியூயல் இன்ஜெக்ஷன் என்ஜின் போடப் போறீங்கன்னா எப்படியும் உள்ள பம்ப் உள்ள டேங்க் வேணும், அப்போ ரெண்டு வேலையும் ஒண்ணா முடிஞ்சிடும்.

கியர்பாக்ஸும் பின் ஆக்சிலும். இங்க ஒரு சின்ன கணக்கு போட்டு காட்டறேன். பின்னாடி 3.73 கியர், 28 இன்ச் டயர், பழைய மூணு ஸ்பீடு டர்போ 350 கியர்பாக்ஸ் (இது கியர்பாக்ஸோட பேரு, 350 என்ஜின் இல்ல). எழுபது மைல் வேகத்துல என்ஜின் சுமார் 3,100 ஆர்பிஎம் சுத்தும். பக்கத்துல உக்காந்தவங்ககிட்ட கத்தித்தான் பேசணும். அதே ஆக்சில், அதே டயர், 0.70 ஓவர்டிரைவ் (என்ஜின் மெதுவா சுத்துற மேல் கியர்) உள்ள 700ஆர்4ஓ 4எல்60ஈயோ கியர்பாக்ஸ் போட்டா அதே வேகத்துல சுமார் 2,200 தான். என்ஜினே மாத்தாம வண்டியோட சுபாவத்தையே மாத்துற வேலை இது. ஹைவே ஓட்டுறவங்க என்ஜினுக்கு ஒதுக்கின காசுல கொஞ்சத்தை முதல்ல இதுக்கு ஒதுக்குங்க.

இது போக ரேடியேட்டர், ஸ்டீரிங் பாக்ஸ், முன்பக்க புஷ்ஷிங், அப்புறம் துரு. கேபின் மூலை, ராக்கர் பேனல், கேபின் மவுண்ட், மழைத்தண்ணி வழியிற மேல் விளிம்பு, இந்த நாலையும் குனிஞ்சு தொட்டுப் பாருங்க. கேபின் மவுண்ட் துரு பிடிச்ச வண்டியில புது என்ஜின் போடறதுல அர்த்தமே இல்ல.

இனிமே ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. பழைய 350 ஸ்மால் பிளாக்கை கட்டுறது

ஸ்மால் பிளாக், அதாவது செவியோட சின்ன சைஸ் வி8, 1955ல 265 கியூபிக் இன்ச்சா பொறந்தது, 350 வந்தது 1967ல. உலகத்துலயே இதுக்கு கிடைக்கிற அளவுக்கு பார்ட்ஸ் வேற வி8க்கு கிடைக்குமான்னு சந்தேகம். எந்த சின்ன ஊருக்குப் போனாலும் அங்க இருக்கிற ஆட்டோ பார்ட்ஸ் கடையில வாட்டர் பம்ப் இருக்கும், அந்த ஊர்ல இதைக் கண்ணை மூடிக்கிட்டு பிரிக்கிற ஒரு பெரியவரும் இருப்பார்.

செலவு பக்கம் இதோட பெரிய பலம், எதையும் மாத்த வேண்டாம். என்ஜின் மவுண்ட் அப்படியே, கியர்பாக்ஸ் அப்படியே, வயரிங் அப்படியே, எக்ஸாஸ்ட் அப்படியே. மிஷின் ஷாப்ல போர் பண்ணி, பிஸ்டன், ரிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் முடிச்சா சாதாரணமா 300 ஹார்ஸ்பவர் பக்கத்துல வரும், கொஞ்சம் கூட வேணும்னா 400 ஸ்மால் பிளாக்கோட 3.75 இன்ச் ஸ்ட்ரோக் அளவுல கிராங்க் போட்டு, போரை முப்பது தவ் (ஒரு தவ்னா ஆயிரத்துல ஒரு இன்ச்) பெருசாக்கி 383 ஆக்கிடலாம், டார்க் நல்லா ஏறும், பாரம் இழுக்கிறதுக்கும் சிக்னல்ல இருந்து கிளம்புறதுக்கும் அருமையா இருக்கும்.

மறைஞ்சிருக்கிற செலவு என்னன்னா, முதல்ல கேம். பழைய 350ல ஃபிளாட் டேப்பட் கேம், அதாவது வால்வைத் திறக்கிற தண்டு உருளை இல்லாம நேரா உரசி ஓடுற வகை. அதுக்கு ஆயில்ல ஜிங்க் சரியான அளவுல இருக்கணும், இப்ப கடையில கிடைக்கிற சாதாரண கார் ஆயில்ல அது குறைச்சல். முதல் தடவை ஸ்டார்ட் பண்ணினதும் ஐடில்ல விடாம இருபது நிமிஷம் 2,000 ஆர்பிஎம்முக்கு மேல வச்சு செட் பண்ணணும், அதுல தப்பு நடந்தா கேம் லோப் தேஞ்சு அந்த இரும்புத்தூள் என்ஜின் பூரா போயிடும். இந்த பயம் வேண்டாம்னா 1987க்கு அப்புறம் வந்த ரோலர் கேம் பிளாக் தேடுங்க, அதுலயும் 1996-2000 ட்ரக்குல வந்த வோர்டெக் 5.7 ரொம்ப நல்ல சாய்ஸ், ஹெட்டே நல்லா மூச்சு விடும். ஒரே விஷயம், அதுக்கு இன்டேக் மேனிஃபோல்ட் தனி, பின்பக்க சீல் ஒரே துண்டா இருக்கிறதால ஃபிளெக்ஸ்பிளேட்டும் தனி, பழைய 350ல இருந்து கழட்டினது சேராது. இதை தெரிஞ்சு வாங்கினா பிரச்சினை இல்ல.

அடுத்தது கார்புரேட்டர். இப்ப வர்ற பெட்ரோல்ல பத்து சதவீதம் எத்தனால் இருக்கு, வெயில்ல நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணினா முனகும், ரெண்டு மாசம் நிக்க விட்டா உள்ள பிசின் பிடிக்கும். கார்புரேட்டர் இடத்துலயே உக்கார்ற மாதிரி ஈஎஃப்ஐ (எலக்ட்ரானிக் ஃபியூயல் இன்ஜெக்ஷன்) கிட் வருது, தானா கத்துக்கிட்டு ஓடும்ங்கிறாங்க, ஓடவும் செய்யுது, ஆனா அதுக்கும் எலக்ட்ரிக் பம்ப், ரிட்டர்ன் லைன், சுத்தமான எர்த் எல்லாம் வேணும், விலையையும் சேர்த்தா எல்எஸ் ஸ்வாப்போட (எல்எஸ் என்ஜினை மாத்திப் போடறதோட) பாதி தூரம் வந்துட்டீங்க.

யாருக்கு இது சரி: வண்டியில பிறந்த என்ஜின் இன்னும் இருக்கு, அதை காப்பாத்தணும்னு நினைக்கிறவங்களுக்கு. வருஷத்துக்கு ஆயிரம் ரெண்டாயிரம் மைல் தான் ஓட்டுவேன், கையில கிரீஸ் பட்டா சந்தோஷம், டைமிங் லைட் பிடிக்கத் தெரியும்னா யோசிக்கவே வேண்டாம். பானெட்டைத் தூக்கினா உள்ள காலியிடமும் ஆரஞ்சு பிளாக்கும் தெரியுதே, அந்த அழகு மத்த எதுலயும் வராது.

2. ஜங்க்யார்டு 5.3 எல்எஸ்

எல்லாரும் வாய்ல எல்எஸ் எல்எஸ்னு சொல்றது 1997 கார்வெட்ல எல்எஸ்1ஆ அறிமுகமான குடும்பம். நம்ம பாக்கெட்டுக்கு வேண்டியது கார்வெட் என்ஜின் இல்ல, அதோட இரும்பு பிளாக் தம்பி. 1999ல இருந்து சில்வராடோ, சியரா, டாஹோ, சபர்பன்னு லட்சக்கணக்கான வண்டியில 5.3 வந்தது, எல்எம்7னு பேரு, கம்பெனி கணக்குல 270ல இருந்து 295 ஹார்ஸ்பவர். பழைய 350 ப்ரோஷர்ல இருக்கிற நம்பரோட இதை நேரா ஒப்பிடாதீங்க, 1971 வரைக்கும் அவங்க சொன்னது கிராஸ் கணக்கு, பெல்ட், சைலன்சர் எதுவும் இல்லாம டெஸ்ட் பெஞ்ச்ல அளந்தது, 1972ல இருந்து தான் நெட். அதனால 5.3ல 285ன்னா அது நிஜமான 285.

இந்த என்ஜின் ரெண்டு லட்சம் மைல் ஓடினது கூட பிரிச்சா போர் நல்லா இருக்கும், அப்படி ஒரு உழைப்பு. குளிர் காலையில சாவி திருப்பினா உடனே பிடிக்கும். ஓவர்டிரைவோட சேத்து ஓட்டினா காலன்க்கு பதினாறு பதினேழு மைல் ஹைவேல எதிர்பார்க்கலாம், கார்புரேட்டர் 350 மூணு ஸ்பீடுல பத்து பன்னெண்டு தான். கேமும் வால்வ் ஸ்பிரிங்கும் மட்டும் மாத்தி ட்யூன் பண்ணினாலே நல்லா முழிச்சுக்கும்.

இப்ப மறைஞ்ச செலவு, இது கொஞ்சம் நீளம். என்ஜின் சில நூறு டாலர்ல இருந்து ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் கிடைக்குதுன்னு கேட்டதும் எல்லாரும் துள்ளிக் குதிக்கிறாங்க. அதுக்கு மேல என்ன வருதுன்னு பாருங்க. ட்ரக் ஆயில் பேன் ஆழமா இருக்கும், சி10 கிராஸ்மெம்பர்ல இடிக்கும், ஸ்வாப் பேன் வாங்கணும். ஏசி கம்ப்ரஸர் கீழ்ப்பக்கமா தொங்கும், சேசிஸ்ல இடிக்கும், வேற பிராக்கெட் வேணும். மவுண்ட் அடாப்டர் வேணும். வயரிங் ஹார்னஸ் ஒண்ணு பழசை உக்காந்து பிரிச்சு சுத்தம் பண்ணணும் இல்ல புதுசு வாங்கணும், கம்ப்யூட்டர்ல இருக்கிற திருட்டுத் தடுப்பு பூட்டை எடுத்துட்டு ட்யூன் போடணும். பெட்ரோல் 58 பிஎஸ்ஐ அழுத்தத்துல வரணும், அதுக்கு பம்ப், லைன், ரெகுலேட்டர், டேங்க். ஹெட்ல இருந்து வர்ற ஆவிக் குழாயை ரேடியேட்டருக்கு சேர்க்கணும், இதை விட்டுட்டா ஹீட் ஏறும். ஆக்ஸிஜன் சென்சாருக்கு எக்ஸாஸ்ட்ல வெல்டிங். ஸ்பீடோமீட்டர், டெம்பரேச்சர் மீட்டர் பழசோட பேசாது. டிரைவ்ஷாஃப்ட் நீளம் மாறும். எல்லாம் கூட்டினா நீங்களே வேலை பாத்தாலும் நாலாயிரத்துல இருந்து எட்டாயிரம் டாலர் வரைக்கும் சாதாரணமா போயிடும், ஷாப்ல கொடுத்தா லேபர் தனி. ஆயிரம் டாலர் என்ஜின்ங்கிறது பாதி உண்மை தான்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது சில இருக்கு. த்ராட்டில் கேபிள்ல இழுக்கிற மாடலா, எலக்ட்ரானிக் பெடலான்னு பாருங்க, எலக்ட்ரானிக்னா அந்த வண்டியோட பெடலையும் அதோட மாட்யூலையும் சேத்து கழட்டிட்டு வந்துடுங்க, அப்புறமா தேடினா அலைச்சல். 2007ல புது பாடியில வந்த ட்ரக் என்ஜின்கள்ல பெரும்பாலும் நாலு சிலிண்டரை அணைக்கிற ஏஎஃப்எம் இருக்கும், அதுல லிஃப்டர் கெட்டுப்போறது பிரபலமான வியாதி, முடிஞ்சா அதுக்கு முந்தினதை எடுங்க. 706ன்னு நம்பர் போட்ட ஹெட் இருந்தா அதுல காஸ்டெக் முத்திரை இருக்கான்னு பாருங்க, அந்த ஹெட்ல சிலது விரிசல் விட்டு கூலன்ட் சத்தமில்லாம ஆயில்ல இறங்கும். கூட வர்ற 4எல்60ஈ கியர்பாக்ஸ் ஸ்டாக் பவருக்கு போதும், பின்னாடி டர்போ மாட்டுற எண்ணம் இருந்தா ஆரம்பத்துலயே 4எல்80ஈ எடுத்துடுங்க, அது பழைய டர்போ 400 கியர்பாக்ஸ் வம்சம்.

குணம்? சுத்தமா ஓடும், அதுல குறை சொல்ல மாட்டேன், ஆனா பானெட்டைத் தூக்கினா கறுப்பு பிளாஸ்டிக் இன்டேக்கும் இக்னிஷன் காயிலும் தான். ஃபயரிங் ஆர்டரே வேறங்கிறதால சத்தமும் பழைய செவி சத்தம் இல்ல. காது பழகினவங்களுக்கு உடனே தெரியும்.

யாருக்கு இது சரி: வண்டியை நிஜமாவே தினம் ஓட்டப் போறவங்களுக்கு. வயரிங் பாத்து பயப்படாதவங்களுக்கு.

3. புது க்ரேட் எல்எஸ்3, இல்ல அதுக்கும் மேல

6.2 லிட்டர், அலுமினியம் பிளாக், 430 ஹார்ஸ்பவர், 425 பவுண்ட்-அடி டார்க். 2008 கார்வெட்ல வந்த அதே என்ஜின், பெட்டியில வாரன்டியோட வருது. கேமை மாத்தி 480, 525ன்னு பேர் வச்ச வேரியன்ட்டும் விக்கிறாங்க. இன்னும் தைரியம் இருந்தா சூப்பர்சார்ஜர் வச்ச எல்எஸ்ஏ 556, எல்டி4 650ன்னு போய்க்கிட்டே இருக்கு.

இதோட பெரிய நிம்மதி, சந்தேகமே இல்லாத என்ஜின். யார் எப்படி ஓட்டினாங்க, ஆயில் மாத்தினாங்களா இல்லையா எதுவும் கேக்க வேண்டாம். கம்பெனியே தர்ற கன்ட்ரோலரும் (என்ஜின் கம்ப்யூட்டர்) ஹார்னஸும் வாங்கினா வயரிங் வேலை பாதிக்கு மேல குறைஞ்சிடும்.

ஆனா பெட்டியைத் திறந்தா ஆல்டர்னேட்டர் இருக்காது, பவர் ஸ்டீரிங் பம்ப் இருக்காது, ஏசி இருக்காது, கன்ட்ரோலர் தனி பில், ஆயில் பேன் உங்க சேசிஸுக்கு ஒத்துவராம போகலாம். 5.3க்கு சொன்ன டேங்க், பம்ப், கூலிங், எக்ஸாஸ்ட் எல்லாம் இங்கயும் உண்டு, கூட பிரீமியம் பெட்ரோல். எல்டி4 பக்கம் போனா நேரடி இன்ஜெக்ஷன்ங்கிறதால பெட்ரோல் சிஸ்டமே வேற லெவல் வேலை, கூலிங்கும் அப்படித்தான்.

இதுக்கும் மேல ஒரு உண்மை இருக்கு. சி10 ஒரு காலி பெட்டி, கனம் எல்லாம் முன்னாடி. பின் டயர் மேல வெயிட்டே இல்ல. 500 ஹார்ஸ்பவரை அதுல விட்டா ரோடு ஈரமா இருக்கும்போது பின்பக்கம் உங்களை முந்தப் பாக்கும். திறந்த சி-சேனல் சேசிஸ், ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி பாரம் ஏத்தறதுக்கு டிசைன் பண்ணினது, அது முறுக்கும். அதனால 450ஐத் தாண்டினா என்ஜின் மட்டும் பேசறதுல அர்த்தம் இல்ல, நல்ல முன் சஸ்பென்ஷன், ஸ்டீரிங், பெரிய பிரேக், அகல டயர், ரெண்டு பின் சக்கரத்துக்கும் பவர் போக வைக்கிற லிமிடெட் ஸ்லிப், ஸ்ட்ராங்கான பின் ஆக்சில் எல்லாம் ஒரே பட்ஜெட்டா பேசணும். என்ஜினும் கன்ட்ரோலரும் கியர்பாக்ஸும் ஒரு பங்குன்னா மீதி வண்டிக்கு இன்னொரு பங்கு எடுத்து வைங்க.

யாருக்கு இது சரி: காசு இருக்கு, நேரம் இல்ல, சேசிஸ் வேலையும் கூடவே பண்ணப்போறேன்னு முடிவு பண்ணினவங்களுக்கு.

4. பிக் பிளாக்

மனசு சொல்ற பதில் இதுன்னு எனக்கு தெரியும், நானும் அந்த சத்தத்துக்கு அடிமை தான்.

சரித்திரப்படியும் இது வெளி ஆள் இல்ல. 1968ல இருந்தே சி10ல 396 ஆப்ஷனா கிடைச்சது, 1970ல அது 402 ஆச்சு, ட்ரக்குல 400ன்னு பேட்ஜ் குத்தினாங்க. 454 கார்ல 1970லயே வந்தாலும் பிக்கப்புக்கு வந்தது 1973 மாடல்ல தான், ஆனா வெளிப்பக்க அளவுல ஒரே குடும்பம்ங்கிறதால தாராளமா உக்காரும். ஸ்மால் பிளாக்குக்கும் பிக் பிளாக்குக்கும் பிளாக் பக்கவாட்டு மவுண்ட் துளையும் பின்னாடி பெல்ஹவுசிங் போல்ட்டும் ஒண்ணே. அதனால இறக்குறது எல்எஸ்ஸை விட சுலபம்.

புதுசா வேணும்னா செவ்ரோலே பெர்ஃபார்மன்ஸ்ல 502 கியூபிக் இன்ச் க்ரேட் என்ஜின், 502 ஹார்ஸ்பவர், 567 பவுண்ட்-அடி டார்க். கால் வச்சா போதும், ஆர்பிஎம்முக்கு காத்திருக்கவே வேண்டாம், ட்ரெய்லர் இழுக்க இதை அடிச்சிக்க ஆளில்ல.

விலை எங்க தெரியும்னா முதல்ல வெயிட். ஸ்மால் பிளாக் சுமார் 575 பவுண்டு, பிக் பிளாக் சுமார் 685. நூறு பவுண்டுக்கு மேல முன் சக்கரத்து மேல, அதனால முன் ஸ்பிரிங் மாத்தணும், வளைவுல வண்டி மூக்கைத் தள்ளும். ரேடியேட்டர் பெருசா வேணும், டெக்ஸஸ், அரிசோனா வெயில்ல டிராஃபிக்ல நின்னா மீட்டர்ல தான் கண்ணு இருக்கும். மைலேஜ் காலன்க்கு ஒற்றை இலக்கத்துல தான் பெரும்பாலும். ஒவ்வொரு பார்ட்டும் ஸ்மால் பிளாக்கை விட விலை கூட, ஹெட், இன்டேக், ஹெடர் எதை எடுத்தாலும். பழைய 454 பிளாக் ஜங்க்யார்டுல கிடைச்சாலும் அது ஏதோ மோட்டார்ஹோம்ல வருஷக்கணக்கா கொதிச்சதா இருக்கும், கிராக் டெஸ்ட் பண்ணாம காசு கொடுக்காதீங்க.

யாருக்கு இது சரி: உங்க வண்டி பிக் பிளாக்கோடயே பொறந்ததுன்னா வேற கேள்வியே இல்ல, அதையே போடுங்க, மதிப்பும் அதுல தான். மத்தவங்களுக்கு இது ஷோவுக்கும் வார இறுதிக்கும் தான்.

ஒரே பார்வையில

| எதை பாக்கணும் | 350 / 383 | ஜங்க்யார்டு 5.3 | க்ரேட் எல்எஸ்3 | பிக் பிளாக் |
|---|---|---|---|---|
| பவர் | 300 பக்கம், 383ல கூட | 270-295, கேம் போட்டா ஏறும் | 430ல இருந்து | கட்டுறதைப் பொறுத்து, 502ல 502 |
| என்ஜின் விலை | நடுத்தரம் | ரொம்ப கம்மி | ரொம்ப கூட | கூட |
| சுத்தி வர்ற செலவு | கம்மி | கூட | ரொம்ப கூட | நடுத்தரம், கூலிங்கும் ஸ்பிரிங்கும் |
| தினசரி ஹைவே | ஓவர்டிரைவ் போட்டா சரி | பெஸ்ட் | நல்லது | கஷ்டம் |
| வீட்டுல ரிப்பேர் | ரொம்ப சுலபம் | ஸ்கேனர் வேணும் | ஸ்கேனர் வேணும் | சுலபம் |
| பெட்ரோல் செலவு | நிறைய | குறைவு | நடுத்தரம், பிரீமியம் | ரொம்ப நிறைய |
| பழைய சத்தமும் அழகும் | முழுசா | இல்ல | இல்ல | அதுக்கு மேல |

எலக்ட்ரிக்?

இப்ப இதையும் சிலர் கேக்கறாங்க. 2019 சீமா ஷோவுல (கஸ்டம் வண்டி, பார்ட்ஸ் கண்காட்சி) செவ்ரோலேயே ஒரு 1962 சி10ல ரெண்டு மோட்டார் வச்சு 450 ஹார்ஸ்பவர்னு கொண்டு வந்து நிறுத்தினாங்க. பண்ண முடியும்ங்கிறதுல சந்தேகமில்ல, ஆனா பேட்டரி பெட் இடத்தைத் தின்னுடும், செலவு க்ரேட் எல்எஸ்3ஐயும் தாண்டும், வீட்டு கேரேஜ்ல சும்மா பழகிப் பாக்குற வோல்டேஜும் இல்ல. இன்னைக்கு ஒரு சாதாரண மனுஷனுக்கு நான் சிபாரிசு பண்ண மாட்டேன்.

நான் யாருக்கு எதைச் சொல்வேன்

ஓடுற 350 உள்ள இருந்துச்சுன்னா, என்ஜின் மேல கை வைக்காதீங்க. முதல் வருஷம் டிஸ்க் பிரேக், டேங்க், ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ், நல்ல ரேடியேட்டர் இது நாலையும் முடிச்சு ஓட்டுங்க. நிறைய பேருக்கு அதுக்கு அப்புறம் என்ஜின் ஆசையே அடங்கிடும், அடங்கலைன்னாலும் அந்த நாலு வேலையில பெரும்பாலானது அடுத்த என்ஜினுக்கும் உதவும். டேங்க்ல உள்ளயே இன்ஜெக்ஷன் பம்ப் வைக்கிற மாதிரி இப்பவே வாங்கிடுங்க, கார்புரேட்டருக்கு அழுத்தத்தை ரெகுலேட்டர் வச்சு குறைச்சுக்கலாம்.

உள்ள என்ஜினே இல்ல, இல்லைன்னா பிளாக்கே விரிசல், வண்டியை வாரம் பூரா ஓட்டணும்னா 2006க்கு முந்தின 5.3, முடிஞ்சா முழு வண்டியா, ஆக்சிடென்ட் ஆன டாஹோவோ சில்வராடோவோ ஏலத்துல எடுங்க. ஓட்டிப் பாத்து வாங்கலாம், ஹார்னஸ், கம்ப்யூட்டர், பெடல், கியர்பாக்ஸ், பிராக்கெட் எல்லாம் ஒரே இடத்துல கிடைக்கும், மீதி பார்ட்ஸை வித்து காசையும் கொஞ்சம் எடுத்துடலாம்.

500 ஹார்ஸ்பவருக்கு மேல கனவு இருந்தா இன்னொரு வழியும் யோசிங்க, ஏற்கனவே யாரோ கட்டி முடிச்ச வண்டியை வாங்குறது. பெரும்பாலும் கட்டினவர் போட்ட காசு விக்கும்போது திரும்ப வராது, அந்த நஷ்டம் வாங்குறவருக்கு லாபம். ஆனா பெயின்ட்டைப் பாத்து மயங்காதீங்க. டாஷ்போர்டுக்கு அடியில டார்ச் அடிச்சு வயரிங்கைப் பாருங்க, இன்சுலேஷன் டேப் சுத்தின முடிச்சு நிறைய இருந்தா திரும்பிடுங்க. வண்டியைத் தூக்கி பிரேக் லைன் எக்ஸாஸ்ட்டை ஒட்டி போகுதான்னு பாருங்க. குளிர்ந்த என்ஜினை நீங்களே ஸ்டார்ட் பண்ணணும், வந்து சேரும்போது ஏற்கனவே சூடா இருந்தா இன்னொரு நாள் வர்றேன்னு சொல்லுங்க. பில்லுங்க இருக்கா, ட்யூன் ஃபைல் கொடுப்பாங்களா கேளுங்க, ட்யூன் ஃபைல் பூட்டு போட்டு வச்சிருந்தா நாளைக்கு ஒரு சின்ன மாத்தத்துக்குக் கூட அதே ட்யூனரைத் தேடி அலையணும்.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது சாதாரண பாலிசி போடாதீங்க, ஒத்துக்கிட்ட மதிப்புன்னு எழுதிக்கிற கிளாசிக் பாலிசி கேளுங்க, இல்லைன்னா முப்பதாயிரம் டாலர் போட்ட வண்டிக்கு 1970 மாடல் பழைய ட்ரக்னு சொல்லி ஏதோ கையில வச்சு அனுப்பிடுவாங்க. அந்த மாதிரி பாலிசிங்கள்ல பொதுவா தினசரி ஆபீஸ் போறதுக்கு அனுமதி இருக்காது, அதனால 5.3 போட்டு தினம் ஓட்டப் போறவங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடியே அதைக் கேட்டு எழுத்துல வாங்கிடுங்க. அப்புறம் கழட்டின பழைய என்ஜினை உடனே வித்துடாதீங்க, அதுல இருக்கிற நம்பர் வண்டியோட ஒத்துப்போச்சுன்னா ஆயில் தடவி பிளாஸ்டிக் சுத்தி ஒரு ஓரமா வைங்க, வண்டியை விக்கிற அன்னிக்கு அது கூட வந்தா வாங்குறவர் விலையில காட்டுவார்.